இல்லாத கிரகம்

தமிழில் ‘கிரகம்’ என்ற சொல்லைப் போல் பழி சுமந்த சொல் வேறொன்று இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். பையன் பரீட்சையில் தேறாவிட்டால் கிரகம். கறவை மாடு திடீரென்று மடி வற்றினால் கிரகம். வேண்டாத விருந்தாளி சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து இறங்கினால், “வந்துவிட்டது பார், கிரகம்!” என்று உள்ளேயிருந்து ஒரு முணுமுணுப்பு. வடமொழியில் கிரகம் என்றால் பிடிப்பது என்று பொருள். நம்முடைய ‘கோள்’ என்ற சொல்லுக்கும் கொள்வது என்பதுதான் அடிப்படை. ஆகவே இரண்டு மொழிக்காரர்களும் வானத்தில் நகருகிற அந்த ஒளிப் பொட்டுகளைப் பார்த்ததும், ‘இவை நம்மைப் பிடித்துக்கொள்ளுகிறவை’ என்றே தீர்மானித்திருக்கிறார்கள்.

இப்படி ஒன்பது கிரகங்களைச் சமாளிப்பதற்கே நமக்கு ஆயுசு போதவில்லை. இந்த நிலையில், நம் சூரியனுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு சூரியனைச் சுற்றிப் பத்தாவதாக ஒரு கிரகம் இருக்கக்கூடும் என்று, வானத்தை அளந்த கணக்கை ஆதாரமாகக் காட்டி, உலகத்திலேயே முதன்முதலாக ஒருவர் எழுதினார். அவர் எழுதியது பாரிஸிலும் அல்ல, பெர்லினிலும் அல்ல. சென்னையில், நுங்கம்பாக்கத்தில், 1855-ஆம் வருஷத்தில்.

அவர் பெயர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். பம்பாய் என்ஜினீயர் படையில் காப்டனாக இருந்தவர்; சென்னை வான நிலையத்தின் தலைவராக வந்து சுமார் பத்து வருஷம் இருந்தார். அவர் கண்டதாகச் சொன்ன அந்தக் கிரகம், இல்லை. கணக்குப் பிசகு. ஆனால் இல்லாத அந்தக் கிரகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது எங்கள் குடும்பத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

என் அக்காள் பெரம்பலூரில் இருக்கிறாள். அவளுக்கு ஒரே பெண். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து இருபத்தொரு வயது ஆகிறது. மேலே எம்.எஸ்ஸி. படித்து, பிறகு வானசாஸ்திர ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது பெண்ணின் ஆசை. கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது தாயாரின் ஆசை. நடுவில் ஜாதகம் வந்து நின்றது. பெண்ணுக்கு ஏழில் செவ்வாய். வந்த இரண்டு வரன்களும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக வந்த வரனும் செவ்வாய் தோஷ ஜாதகம்தான். பொருந்தும் என்று ஜோசியர் சொன்னார். ஆனால் அந்த வீட்டார், படிப்பு இத்தோடு போதும் என்றார்கள்.

“தம்பி, நீ வந்து அவளுக்கு எடுத்துச் சொல்லு. கதை எழுதுகிறவன் சொன்னால் கேட்பாள்” என்று அக்கா போன் செய்தாள். கதை எழுதுகிறவன் சொல்லி யாராவது எதையாவது கேட்டதாகச் சரித்திரம் இல்லை. இருந்தாலும் போனேன். போன மறுநாளே, கங்கைகொண்ட சோழபுரத்தில் நவக்கிரகத்துக்கு அர்ச்சனை செய்து வரலாம் என்று மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து ஜெயங்கொண்டம், அப்புறம் சோழபுரம். எனக்குத் தெரிந்து இந்தப் பூமி முழுவதும் திருச்சி ஜில்லாவாகத்தான் இருந்தது. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூரும் பிரிந்து பிரிந்து சேர்ந்து, கடைசியாக 2007-ல் நிலைத்தது. எல்லைகள் எப்படி மாறினாலும் சாலையில் ஓடுகிற லாரிகள் மாறவில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் லாரிகள். அந்தச் சுண்ணாம்பெல்லாம் பல கோடி வருஷங்களுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் மிச்சம். இந்தப் பக்கத்து ஓடைகளில் குழந்தைகள் விளையாட்டாகப் பொறுக்கி வருகிற சுருள் கற்கள், அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற பிராணியின் கூடுகள். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், 12 கோடி வருஷப் பழமை என்கிறார்கள். 1940-ல் அதை வெளியுலகுக்குச் சொன்னவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன்.

பெண் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நான் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“மாமா, ஜேக்கப்னு ஒருத்தர் தெரியுமா உங்களுக்கு?”

“எந்த ஜேக்கப்? தபால் ஆபீஸிலே இருந்தாரே, அவரா?”

சிரித்தாள். அப்புறம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டதையும், பிற்பாடு புத்தகங்களில் சரிபார்த்துக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கிரேக்கர்கள் பாம்பைப் பிடித்து நிற்கும் மனிதனாகக் கற்பனை செய்த நட்சத்திரக் கூட்டம் ஒன்று உண்டு. ஒஃபியூக்கஸ் என்பது பெயர். நம்முடைய விருச்சிகத்துக்கு வடக்கே அது பரந்து கிடக்கிறது. அதில் 70 என்ற எண் பெற்ற நட்சத்திரம் ஒன்று. பெயர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடாத நட்சத்திரம். ஃபிளாம்ஸ்டீட் என்ற ஆங்கிலேயரின் பட்டியலை ஒட்டி வந்த எண்ணே அதற்குப் பெயராகி நின்றுவிட்டது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இது, உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள் என்று 1779-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். இரண்டும் நம் சூரியனைவிடச் சற்றுச் சிறியவை. ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒரு சுற்றுக்கு 88 வருஷம்.

குழந்தைகள் கைகோத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் மட்டும் சுற்றினால் அந்தச் சுற்று ஒரு ஒழுங்கில் இருக்கும். இருட்டில் நமக்குத் தெரியாமல் மூன்றாவதாக ஒரு வாண்டு வந்து, ஒருத்தியின் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினால்? சுற்று கோணும். வாண்டு கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. கோணலைப் பார்த்தே, ‘யாரோ இழுக்கிறார்கள்’ என்று சொல்லிவிடலாம்.

ஜேக்கப் செய்தது இதுதான். அந்த இரட்டையின் சுற்றை வருஷக்கணக்காக அளந்தவர்களின் குறிப்புகளையும், தாம் சென்னையில் அளந்ததையும் வைத்துப் பார்த்தார். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்துக்கும், உண்மையில் இருந்த இடத்துக்கும் ஒரு வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கிரகம் அங்கே இருந்து இழுக்கிறது என்று கொண்டால் அந்த வித்தியாசம் சரியாகிறது. ‘இருக்கிறது’ என்று அவர் அடித்துப் பேசவில்லை. இருப்பதற்கு மிகவும் சாத்தியம் உண்டு என்ற அளவில் எழுதி, லண்டனில் ராயல் வானவியல் சங்கத்துக்கு அனுப்பினார். 1855-ல் அது அச்சாயிற்று.

அவர் சொன்னது அந்தக் காலத்துக்கு விபரீதமான யோசனை அல்ல. ஒன்பது வருஷம் முன்புதான், 1846-ல், யுரேனஸ் கிரகத்தின் நடையில் கண்ட கோணலைக் கொண்டே லெவெரியர் கணக்குப் போட்டு, ‘இந்த இடத்தில் பாருங்கள்’ என்று சொல்ல, அந்த இடத்துப் பக்கத்திலேயே நெப்டியூன் அகப்பட்டது. வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ் நட்சத்திரத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று உண்டு என்று பெஸ்ஸல் 1844-ல் சொல்லியிருந்தார். அதுவும் பொய்க்கவில்லை, 1862-ல் அமெரிக்காவில் அந்தத் துணையைத் தொலைநோக்கியிலேயே பார்த்துவிட்டார்கள்.

“அதே 1862-லதான் மாமா, ஜேக்கப் பூனாவில் செத்துப்போனார்” என்றாள் பெண். “உடம்பு முடியாம சீமைக்குத் திரும்பிப் போனவர். பூனாப் பக்கம் மலைமேலே ஒரு வான நிலையம் வைக்கணும்னு மறுபடி வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே போயிட்டார்.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். முன் இருக்கையில் ஜன்னலோரம் இருந்த அக்கா, தலையை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டின் துணியை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அந்த இடத்தில்தான் என் அத்திம்பேர் மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரி மோதியது. அப்போது இந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. ஒரு பர்லாங்கு தாண்டுகிற வரையில் நாங்கள் மூவரும் ஒன்றும் பேசவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கங்கை வரை படையனுப்பிய ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரில், இன்று தலைநகர் போய்விட்டது, கோயில் நிற்கிறது. அங்கே நவக்கிரகம் மற்றக் கோயில்களில் இருப்பது போல் ஒன்பது தனித்தனிச் சிலைகளாக, ஒன்றையொன்று பார்க்காமல் முறைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஒரே கல். மேலே விரிந்த தாமரை ஒன்று, அதுதான் சூரியன். அதைச் சுற்றி மற்ற எட்டுப் பேரும். கீழே பீடமே ஒரு தேர், குதிரைகள் இழுக்கின்றன.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவில் சூரியன், சுற்றிலும் கிரகங்கள். பள்ளிக்கூடத்துப் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. “கோபர்னிகஸுக்கு ஐந்நூறு வருஷம் முந்தியே நம்மவர்கள்...” என்று நான் ஆரம்பித்ததும் பெண் மெல்லிய குரலில் தடுத்தாள்.

“அப்படிச் சொல்லாதீங்க மாமா. இதிலே சந்திரனும் இருக்கு, ராகு கேதுவும் இருக்கு, பூமி இல்லை. இது சூரியனைக் கும்பிடறதுக்குச் செஞ்சது. அதுக்கு இது அழகாத்தான் இருக்கு. இல்லாததை ஏன் ஏத்தணும்?”

சரியென்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ராகு கேது என்றதும் எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த இரண்டும் கண்ணால் பார்க்கிற வஸ்துக்கள் அல்ல. சந்திரனுடைய பாதையும் சூரியனுடைய பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு புள்ளிகள். கிரகணம் எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள், கண்ணுக்குத் தெரிகிறதன் நடையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளுக்குப் பாம்பு உடம்பு கொடுத்து உட்கார வைத்தது பிற்பாடு. கணக்குப் போட்டவனும் கதை கட்டியவனும் ஒரே ஊர்க்காரர்கள்தான். சில சமயம் ஒரே ஆசாமியாகக்கூட இருந்திருப்பான்.

இதைச் சொன்னபோது பெண்ணுக்கு மிகவும் பிடித்துவிட்டது. “அதேதான் மாமா. செவ்வாய் ஏழிலே நிக்குதுங்கறது கணக்கு. வானத்திலே போய்ப் பார்த்துக்கலாம். அதனாலே வரப்போறவருக்கு ஆகாதுங்கறது கணக்கு இல்லை. இரண்டையும் ஒரே சீட்டிலே எழுதிக் கொடுக்கிறாங்க.”

கணக்குப் பகுதியிலும் ஒரு தகராறு இருந்தது. வாக்கியப் பஞ்சாங்கப்படி செவ்வாய் ஏழில். திருக்கணிதப்படி பார்த்தால் ராசி எல்லையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். எந்தப் பஞ்சாங்கம் சரி என்பது நம் நாட்டில் பழைய சண்டை. சென்னை வான நிலையத்திலேயே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாசாரி என்ற தமிழ்நாட்டு வானசாஸ்திரி, வானத்தைப் பார்த்து அளந்ததோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வேண்டும் என்று வெகுவாகப் பாடுபட்டார். 1867-ல் ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். 1874-ல் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போனபோது, ஜனங்கள் புரிந்துகொள்வதற்காகப் பல இந்திய மொழிகளில் சிறு புத்தகம் போட்டார். அந்த நிலையத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டு, நுங்கம்பாக்கத்து வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

தூண் நின்று என்ன! திருக்கணிதப்படி தோஷமே இல்லை என்று நான் அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். அவள் பிரகாரத்துத் தரையில் புடவைத் தலைப்பை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

“ஒன்றிலே இருக்கு, ஒன்றிலே இல்லைன்னா, இருக்கிறதாகவே வைத்துக்கொள்வது நல்லது தம்பி” என்றாள்.

“அது என்ன நியாயம் அக்கா?”

“உனக்குத் தெரியாது. எங்களுக்குப் பத்துப் பொருத்தத்திலே ஒன்பது இருந்தது. ‘இந்த மாதிரி ஜாதகம் சேருகிறது அபூர்வம்’ என்று பார்த்தவர் சொன்னார். நீகூடப் பக்கத்திலே இருந்தாய். என்ன ஆச்சு? அவர் எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறார். நான் இவள் விஷயத்திலே எதையும் விடமாட்டேன்.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜோசியம் பொய்த்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சம்பவத்தை, ஜோசியத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளக் காரணமாக அவள் வைத்திருக்கிறாள். மூட நம்பிக்கை என்று சொல்லி நான் எழுந்து போய்விடலாம். ஆனால் அது பயம். முப்பத்து நாலு வயதில் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஆறு வயதுக் குழந்தையோடு திரும்பி வந்தவளின் பயம். அதற்கு எதிராக நான் எந்தப் பஞ்சாங்கத்தை விரிப்பது?

திரும்பும்போது பெண் ஜேக்கப்பின் மீதிக் கதையைச் சொன்னாள். நான்தான் கேட்டேன்.

ஜேக்கப்புக்குப் பிறகு, 1890-களில், அமெரிக்காவில் ஸீ என்பவர் அதே நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டார். ஜேக்கப்பைப் போல் ‘இருக்கலாம்’ என்றெல்லாம் அவர் எழுதவில்லை. இருண்ட துணை ஒன்று இருக்கிறது, 36 வருஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று அடித்துச் சொன்னார். 1899-ல் மோல்டன் என்ற இளைஞர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: ஸீ சொல்கிறபடி அந்த மூன்றாவது ஆள் அங்கே இருந்தால், மூவரும் அப்படிச் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கவே முடியாது, கூட்டம் கலைந்துபோகும். ஸீ கோபமாகப் பதில் எழுதினார். கோபம் கணக்கை மாற்றவில்லை. இரட்டை நட்சத்திரத்தின் நடையில் தெரிந்த கோணல், அளவெடுப்பதில் நேர்ந்த சின்னச் சின்னப் பிழைகள்தாம் என்பது நாளடைவில் தெளிவாயிற்று. பாவாடையைப் பிடித்து இழுத்த வாண்டு, பார்த்தவர்கள் கண்ணில் இருந்தது.

2006-ல் டெக்ஸஸ் மாநிலத்து மக்டானல்ட் வான நிலையத்தார், பல வருஷம் பார்த்து, வியாழனைப் போன்ற பெரிய கிரகம் எதுவும் அந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் இல்லை என்று வெளியிட்டார்கள். பூமியைப் போல் சின்னதாக ஒன்று இருந்தால் அவர்கள் அளவுக்கு அது அகப்படாது.

“ஜேக்கப் சொன்னது தப்புன்னு எப்படி மாமா தெரிஞ்சது? தப்பா இருந்தா கண்டுபிடிக்கிற மாதிரி அவர் சொல்லியிருந்தார். இந்த நட்சத்திரம், இந்தக் கோணல், நீங்களும் அளந்து பாருங்கன்னு. ஜோசியர் சொன்னது தப்புன்னு கண்டுபிடிக்க அவர் என்ன வழி விட்டிருக்கார்? அப்பா போனப்பகூட அவர் தப்பு ஆகலையே. பார்த்தவர் விட்டுட்டார்னுதானே அம்மா சொல்றாங்க.”

அவள் பிரகாரத்தில் எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜேக்கப்பின் கிரகம் பொய்த்தாலும் அவர் வழி பொய்க்கவில்லை. 1995-ல் ஸ்விட்ஜர்லாந்துக்காரர்களான மேயரும் கெலோவும், 50 ஒளியாண்டுத் தொலைவில் பெகாஸஸ் கூட்டத்திலுள்ள 51-ஆம் எண் நட்சத்திரம் இலேசாக அசைகிறதைக் கண்டார்கள். முன்னால் வருவதும் பின்னால் போவதும் அதன் ஒளியின் நிறத்தில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நாலு நாளைக்கு ஒரு சுற்றாக அதை இழுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை கோணல் நிஜம். சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரத்துக்கு அகப்பட்ட முதல் கிரகம் அது. 2019-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு, பல வழிகளிலும் சேர்த்து, வேறு சூரியன்களைச் சுற்றிக் கண்ட கிரகங்கள் ஆறாயிரத்துக்கு மேல்.

அவற்றில் ஒன்றுக்குப் பெயர் வைக்கும் உரிமையை 2019-ல் நம் நாட்டுக்குக் கொடுத்தார்கள். சிம்மத்துக்குத் தெற்கே, சுமார் 340 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு நட்சத்திரம். அதற்கு ‘விபா’ என்று பெயர் சூட்டினார்கள். வங்காளிகள் உச்சரிப்பில் பிபா. ஒளிக்கதிர் என்று அர்த்தம். பிபா சௌதுரி என்ற விஞ்ஞானியின் ஞாபகார்த்தம் அது. 1913-ல் பிறந்தவர். டி. எம். போஸுடன் சேர்ந்து, மலைமேல் வைத்த புகைப்படத் தகடுகளில் காஸ்மிக் கதிர்களின் தடத்தைப் பார்த்து, அதுவரை பிடிபடாத துகள்களைத் தேடினவர். யுத்த காலத்தில் நல்ல தகடுகள் கிடைக்கவில்லை; வேலை நின்றுபோயிற்று. அதே வழியில், நல்ல தகடுகளோடு வேலை செய்த இங்கிலாந்துக்காரர் பவலுக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அம்மாள் பிற்பாடு கோலார் தங்க வயல் சுரங்கத்துக்குள் நடந்த ஆராய்ச்சிகளிலும் பங்கு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1991-ல் காலமானார். உயிரோடு இருந்தவரை பெரிய விருது ஒன்றும் அவரைத் தேடி வரவில்லை.

அந்த நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்துக்கு ‘சந்தமசா’ என்று பெயர். மேகமூட்டம் என்பது போன்ற பொருள். வியாழனைவிடக் கனமான அது, இரண்டு நாள் மூன்று மணி சொச்சத்தில் தன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. “அங்கே சஷ்டியப்த பூர்த்தி 128 நாளில் வந்துவிடும்” என்று நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுச் சொன்னேன். முன் இருக்கையிலிருந்த அக்காவே திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

அன்று இரவு பெரம்பலூர் வீட்டு மொட்டை மாடியில் பெண் எனக்கு 70-ஆம் எண்ணைக் காட்டினாள். நீங்களும் பார்க்கலாம். ஆடி, ஆவணி மாதங்களில் இரவு ஒன்பது மணி சுமாருக்கு அது நமக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். தென்மேற்கே சிவப்பாகத் தெரிவது கேட்டை. கிழக்கே வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பது திருவோணம். இரண்டுக்கும் நடுவில் கோடிழுத்து, கோட்டின் மத்தியிலிருந்து சற்று வடக்கே போனால் மங்கலாகச் சில நட்சத்திரங்கள். அவற்றில் ஒன்று அது. சிமெண்டு ஆலை விளக்குகளும் நாற்கரச் சாலை விளக்குகளும் அடிவானத்தை வெளுத்துவைத்திருக்கின்றன. உச்சியில் இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கிறது. கொஞ்ச நேரம் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க அக்கா மேலே வந்தாள். என்ன பார்க்கிறோம் என்று கேட்டாள். பெண் அவளுக்கும் காட்டினாள்.

“எவ்வளவு தூரம்?”

“பதினாறே முக்கால் ஒளியாண்டு கிட்டே அம்மா. அதாவது, இப்போ நாம பார்க்கிற வெளிச்சம் அங்கேயிருந்து கிளம்பி அத்தனை வருஷம் ஆச்சு.”

அக்கா மனசுக்குள் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். “அப்படின்னா உனக்கு நாலு வயசு” என்றாள்.

“ஆமாம். அப்பா இருந்தாங்க.”

அக்கா துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். “எது, அந்த மங்கலா இருக்கிறதா?” என்று ஒரு தடவை கேட்டாள். பெண் அவள் கையைப் பிடித்துச் சரியான இடத்துக்கு நீட்டினாள். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது அக்கா சொன்னாள்: “தம்பி, இந்த எம்.எஸ்ஸி. எத்தனை வருஷம்?”

“இரண்டு.”

“அப்புறம் அந்த ஆராய்ச்சிப் படிப்பு?”

“நாலு, ஐந்து ஆகும்.”

“ஆக, இருபத்தெட்டு” என்றாள். சற்று யோசித்துவிட்டு, “இருபத்தெட்டு வயசுக்கு மேலே செவ்வாயோட வேகம் குறைந்துவிடும் என்று அதே ஜோசியர்தான் சொன்னார். படிக்கட்டும். அந்த இடத்தாருக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்” என்றாள்.

நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றுமில்லை. திருக்கணிதம், மோல்டன், நோபல் பரிசு எல்லாம் சேர்ந்து செய்யாத காரியத்தை அவள் ஜோசியத்துக்குள்ளேயே ஒரு ஜன்னலைத் திறந்து செய்துகொண்டுவிட்டாள். அந்த ஜன்னல் அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. பெண்ணுக்கு மட்டும் சிறு வருத்தம். “சரியான காரணத்துக்காக விடலையே மாமா” என்றாள். “விட்டாளே, அதைப் பார்” என்றேன் நான். விஞ்ஞானிக்கு அது போதாது என்று தோன்றுகிறது, தாய்மாமனுக்குப் போதும்.

அவள் திருச்சியில் எம்.எஸ்ஸி. சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டல் மாடியில் விளக்கு வெளிச்சம் அதிகம், ஒன்றும் தெரியவில்லை என்று குறை. ஹெர்ஷல் பார்த்த 1779-லிருந்து அந்த இரட்டை நட்சத்திரம் இரண்டு முழுச் சுற்றுகளை முடித்துவிட்டது. மூன்றாவது சுற்று 2043 வாக்கில் முடியும். அப்போது எனக்கு அறுபது தாண்டியிருக்கும்.

போன வாரம் அக்கா போனில் வேறு எதையோ பேசிவிட்டு, கடைசியில் கேட்டாள்: “தம்பி, அந்த வெள்ளைக்காரர் சொன்னாரே ஒரு கிரகம், பெரிசு இல்லை, சின்னதா ஒன்று இருக்கலாம் என்று இவள் சொன்னாளே. பார்த்துவிட்டார்களா?”

“இன்னும் இல்லை அக்கா.”

“சரி, மெதுவாகப் பார்க்கட்டும்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.